பழைய சவரக் கத்திக்கு மரப்பிடி: புதுச்சேரிப் பட்டறை ஒன்றின் வேலை எப்படி?

மடக்குச் சவரக் கத்திக்குக் கையால் மரப்பிடி செய்து தரும் தச்சுப் பட்டறை ஒன்று புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது. பழைய மரச்சாமான்களைப் புதுப்பிப்பதுதான் அங்கே முழுநேரத் தொழில். அலமாரி, ஊஞ்சல் பலகை, இடித்த வீட்டு உத்திரம் என்று வந்து குவிவதில் மிஞ்சும் துண்டுகளில் கத்திப்பிடி போடுகிறார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பிடி வேலையைத் தாராளமாகக் கொடுக்கலாம். அலகை மெருகேற்றக் கொடுக்கவே கூடாது. கூர் தீட்டுவது தங்கள் வேலையில்லை என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு மதிப்பெண் கூடுதலாகவே போடலாம்.

இங்கே பேசப்படுவது ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த 5/8 அங்குல அளவுக் கார்பன் எஃகுக் கத்தி. அலகின் அகலம் சுமார் 16 மில்லிமீட்டர், முதுகின் கனம் 5 மில்லிமீட்டர். பழைய செல்லுலாய்டு பிடி வெடித்துப்போனதால் பலா மரத்தில் புதுப் பிடி, பித்தளை ஆணி, பித்தளை வாஷர். வெளியே பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் மரப்பிடியை வெளியே பார்த்து மெச்சுவது யாருக்கும் எளிது. உப்புக்காற்றுள்ள ஊரில் அதன் ஆயுளை முடிவு செய்வது, அலகின் இருபுறமும் பிடியாக அமையும் இரண்டு மரப்பட்டைகளின் உள்பக்கம். இந்தப் பட்டறையின் பலமும் பலவீனமும் அங்கேதான் தெரிகின்றன.

முதலில், கொண்டுபோகும் கத்தி செலவு செய்யத் தகுந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் அதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு அது தெரியவும் தெரியாது. சலூன்களில் பாதி பிளேடைச் செருகிப் பயன்படுத்திவிட்டு எறியும் கத்தி வந்துவிட்டதால், முழு அலகுக் கத்திகள் வீட்டுப் பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் முடங்கிக் கிடக்கின்றன. மகாத்மா காந்தி சாலை ஞாயிறு சந்தையில் பழைய சாமான் விரித்திருப்பவர்களிடமும் கண்ணை ஓட்டலாம். அலகின் கூரில்லாத பின்பகுதியான கழுத்தில் இருக்கும் முத்திரையைப் படியுங்கள். சோலிங்கன், ஷெஃபீல்டு, பிரான்சின் தியேர் ஆகிய ஊர்ப் பெயர்கள் நல்ல அறிகுறி. ஊர்ப் பெயரோடு நாட்டின் பெயரும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்திய கத்தி. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம்தான் அதற்குக் காரணம். அந்தச் சந்தைக்கு அனுப்பியவர்கள் எல்லாக் கத்தியிலும் நாட்டின் பெயரைப் பொறிக்கத் தொடங்கினார்கள்.

பெயரை விட வாய், அதாவது வெட்டும் விளிம்பு, முக்கியம். பூதக்கண்ணாடியில் பாருங்கள். வாயிலிருந்து 1 மில்லிமீட்டருக்குள் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள் இருந்தால், துரு உள்ளே குழி தோண்டியிருக்கிறது. தீட்டத் தீட்ட வாய் அந்தக் குழியைத் தொட்டதும் சில்லுச் சில்லாக உதிரும். முதுகுப் பக்கக் குழி அழகைத்தான் கெடுக்கும், சவரத்தைக் கெடுக்காது. அடுத்து, வாயை எஃகு ஸ்கேல் மீது நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுவில் வெளிச்சம் தெரிந்தால் வாய் உள்வளைந்திருக்கிறது. சரி செய்ய முடியும், ஆனால் அகலத்தில் ஒரு மில்லிமீட்டராவது கரையும். வாய் லேசாக வெளிவளைந்திருந்தால் கவலையில்லை, பல கத்திகள் செய்யும்போதே அப்படித்தான். முதுகில் கல் தேய்த்த பட்டை ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் சீராக இருந்தால் ஒழுங்காகத் தீட்டப்பட்ட கத்தி. ஒரு பக்கம் மூன்று, மறு பக்கம் அரை என்றிருந்தால் விட்டுவிடுங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் எந்தப் பெயர் பொறித்திருந்தாலும் வேண்டாம்.

பழைய பிடி என்ன பொருள் என்று தெரிந்துகொள்ள ஒரு சுலபமான வழி உண்டு. கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து முகர்ந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் செல்லுலாய்டு. நைட்ரோசெல்லுலோஸில் கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள் அது. வயதாகும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை விடும். ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். பிடிக்குள் மடங்கியிருந்த பகுதி மட்டும் கடுமையாகத் துருப்பிடித்து, கழுத்துப் பளபளவென்று இருக்கும் கத்திகளின் கதை இதுதான். ஆமை ஓட்டின் நிறத்தில் ஒளி ஊடுருவும் வகை சீக்கிரம் கெடுகிறது. ஒன்று கெட்டால் அதே பெட்டியில் உள்ள மற்றவற்றையும் கெடுக்கும். தீயும் சட்டென்று பற்றும். ஆகவே சூடு காட்டி வளைப்பதோ, தீப்பொறி பறக்கும் இடத்தில் தேய்ப்பதோ கூடாது. இந்த விஷயத்தில் பட்டறை கோட்டை விடுகிறது. கழற்றிய செல்லுலாய்டு பட்டைகளையும் அலகையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வைக்கிறார்கள். கொடுக்கும்போதே "அண்ணே, பழைய பிடியை அலகோடு சேர்த்து வைக்காதீங்க, தனியா வெளியில வைங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

கழற்றும் விதம் சரியாக இருக்கிறது. ஆணித் தலையை நுண்ணரத்தால் தேய்த்து மட்டமாக்கிவிட்டு, மெல்லிய துளையாணியால் தட்டி வெளியே தள்ளுகிறார்கள். இடுக்கியால் பிடுங்குவதில்லை. பிடுங்கினால் கழுத்தின் துளை நீள்வட்டமாகும், பிறகு எந்தப் பிடி போட்டாலும் அலகு ஆடும்.

மரத் தேர்வில்தான் இந்த ஊரின் அனுகூலம் தெரிகிறது. பலா கேட்டவுடன் எடுத்துக் காட்டினார்கள். பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது பலாவுக்குப் பஞ்சமில்லை. இழைத்த புதிதில் மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டு ஓராண்டில் தேன் நிறம், பிறகு பழுப்பு. எடை குறைவு, இழைக்க வசதி. ஆனால் நுண்துளைகள் பெரியவை; அடைக்காவிட்டால் சோப்பு நுரை உள்ளே போய்க் கருக்கும். பழைய உத்திரத்துப் பர்மா தேக்கு நன்றாக ஆறிய மரம், முறுக்காது. அதில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால், பட்டைகளுக்கு நடுவே வால் பக்கம் வைக்கும் ஆப்பை ஒட்டுவதற்கு முன் அசிட்டோனால் துடைக்காவிட்டால் எப்பாக்ஸி பிடிக்காமல் பெயரும். ஈட்டியும் கருங்காலியும் பார்க்க ராஜ மரங்கள். கருங்காலி சட்டென்று வெடிக்கும், ஆணி அடிக்கும்போது நெஞ்சு பதறும். ஈட்டியைப் பழைய சாமான் துண்டிலிருந்து எடுப்பதே முறை. ஈட்டி இனம் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருப்பதால், இந்தக் கத்தியை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்ப நினைப்பவர் விதியை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

எங்களைக் கேட்டால், கடலோரச் சவரக் கத்திக்குச் சரியான மரம் விறகுக்கடையில் கிடக்கிறது: சீமைக்கருவேலம். எல்லோரும் திட்டுகிற மரம்தான். ஆனால் ஈரம் ஏறி இறங்கும்போது அதன் வைரம், அதாவது நடுமரம், சுருங்குவதும் விரிவதும் மிகக் குறைவு. நீளமான நேர்க்கட்டை கிடைக்காது என்பதால் தச்சர்கள் சீண்டுவதில்லை. கத்திப்பிடிக்கு 150 மில்லிமீட்டர் போதுமே. வெளிறிய மேல்மரத்தைப் பூச்சி துளைக்கும். செம்பழுப்பு நிற வைரத்தை மட்டும் எடுக்க வேண்டும். பச்சை விறகை அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு தடவி, நிழலில் மாதக்கணக்கில் ஆறவிட வேண்டும். நாம் ஆறிய துண்டு கொண்டுபோனால் பட்டறையில் தயங்காமல் வாங்கிக்கொள்கிறார்கள், முகத்தைச் சுளித்தபடி.

செய்முறை இப்படி. மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக இரண்டு பட்டைகள் அறுத்து, இருபக்க ஒட்டுநாடாவால் ஒன்றோடொன்று ஒட்டி, வடிவத்தையும் துளைகளையும் ஒரே முறையில் செய்கிறார்கள். இப்படிச் செய்தால்தான் இரண்டு பட்டையின் துளையும் நேருக்கு நேர் வரும். ஆணி 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. துளையும் அதே அளவில். வால் பக்கத்தில் பட்டைகளுக்கு இடையே ஆப்பு. பழைய கத்திகளில் ஈயத்திலும் இருக்கும், இங்கே கருங்காலித் துண்டு. பார்வைக்குச் சிறிய துண்டு, ஆனால் பிடியின் மொத்தக் கணக்கும் அதில்தான். அச்சாணிப் பக்கம் இடைவெளி அகலமாகவும் வால் பக்கம் குறுகலாகவும் இருப்பதால், ஆப்பு அலகை நோக்கிய பக்கம் தடித்து, வால் நோக்கி மெலிந்து வர வேண்டும். ஒரே கனத்தில் வைத்தால் ஆணி அடித்ததும் பட்டைகள் வலுக்கட்டாயமாக வளையும், ஒரு மழைக்காலத்தில் ஆணித் துளையிலிருந்து விரிசல் ஓடும். ஆப்பு மொத்தத்தில் தடித்துப்போனால் வேறு ஆபத்து. அலகின் முதுகு பட்டைகளுக்கு இடையே தட்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஆழமாக இறங்கும், வாய் மறுபக்கம் எட்டிப் பார்க்கும், மடக்கிய கத்தியை எடுக்கும் விரலை வெட்டும். இந்தப் பட்டறையின் ஆப்பு கச்சிதம். மடக்கினால் அலகு நடுவில் நிற்கிறது. இரு பட்டையையும் வாய் தொடவில்லை.

ஆணித் தலை தட்டுவதிலும் பதற்றமில்லை. வாஷருக்கு வெளியே கம்பியை 0.8 மில்லிமீட்டர், அதாவது கம்பியின் விட்டத்தில் பாதி, விட்டு நறுக்கி, 100 கிராம் குண்டுத்தலைச் சுத்தியலால் சுற்றிச் சுற்றி லேசாகத் தட்டுகிறார்கள். ஓங்கி அடித்தால் கம்பி தலையில் விரிவதற்குப் பதில் துளைக்குள் உப்பி மரத்தைப் பிளக்கும். அதிகமாக விட்டு நறுக்கினால் கம்பி கோணிக்கொள்ளும். இறுக்கத்துக்கு ஓர் அளவு: கத்தியை எந்தக் கோணத்தில் விட்டாலும் அலகு அங்கேயே நிற்க வேண்டும், கட்டைவிரல் தள்ளினால் போக வேண்டும். இரண்டும் இருக்கிறது.

இல்லாத ஒன்று, கழுத்துக்கும் மரத்துக்கும் நடுவே உள்வாஷர். வெளியே மட்டும் வாஷர் போட்டிருக்கிறார்கள். ஈரத்தில் மரம் உப்பும்போது கழுத்தைக் கவ்விப் பிடிக்கும், காய்ந்ததும் தளரும். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய பித்தளை வாஷர் இருபுறமும் ஒவ்வொன்று இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். கேட்டால் போடுகிறார்கள். ஆணி அடித்த பிறகு கேட்டால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

இப்போது பூச்சு. பழைய மரச்சாமான் பட்டறை என்பதால் கை தானாகவே பிரெஞ்சு பாலிஷுக்குப் போகிறது. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொதியால் தேய்க்கும் அந்த மெருகு அலமாரிக்கு அரசன். சவரக் கத்திக்கு ஆகாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், ஆஃப்டர்ஷேவில் இருப்பதும் ஆல்கஹால்தான். காரத்திலும் இளகும், சவரச் சோப்பு காரத்தன்மை கொண்டது. வெந்நீர் பட்டால் வெண்படலம் பூக்கும். குளியலறையில் இவை மூன்றும் தினம் உண்டு. இன்னொன்று, அரக்கை ஆணி அடித்த பிறகு வெளியே மட்டும் தேய்க்கிறார்கள். உள்பக்கம் பூச்சில்லாத வெற்று மரம். ஒரு முகம் அடைபட்டு மறுமுகம் திறந்திருக்கும் மெல்லிய பட்டை ஈரத்தை ஒரு பக்கமாகவே குடித்து வளையும். அந்த ஈரத்தை மடங்கியிருக்கும் எஃகு அலகின் அருகே வைத்துக்கொண்டும் இருக்கும். துருவை நாமே வளர்ப்பது போலத்தான்.

சொல்ல வேண்டியது: கட்டுவதற்கு முன்பே பட்டைகளின் எல்லா முகங்களிலும், துளைச் சுவரிலும்கூட, டபுள் பாயில்ட் லின்சீட் ஆயிலை மெல்லப் பூசி, கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து, ஒருநாள் காயவிட்டு அடுத்த பூச்சு. நான்கு பூச்சு, ஒரு வாரம் ஆறவிடுதல், கடைசியாகத் தேன்மெழுகு. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடக்கூடாது. லின்சீட் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவிட வேண்டும். இன்னும் கடினமான பூச்சு வேண்டுமென்றால் மெல்லிய எப்பாக்ஸியை உள்ளும் புறமும் பூசச் சொல்லலாம். பலாவின் துளைகளை அது நன்றாக அடைக்கிறது, ஆனால் கையில் மரத்தின் உணர்வு போய் பிளாஸ்டிக் வாடை அடிக்கும். எங்கள் ஓட்டு எண்ணெய்க்கு. பட்டறை ஆசாரி முதலில் மறுத்தாலும், காரணத்தை விளக்கியதும் உடனே ஏற்றுக்கொள்கிறார்.

பித்தளை ஆணி களிம்பு ஏறும். அது பிடிக்காதவர்கள் ஜெர்மன் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) கம்பி கேட்கலாம். கொஞ்சம் கடினம், தலை தட்ட நேரமாகும்.

அலகு மெருகுக்கு வருவோம். பட்டறையில் மின்மோட்டாரில் ஓடும் பஃபிங் சக்கரம் இருக்கிறது, கதவுக் கைப்பிடிகளுக்கு. அலகை அதில் காட்டினால் இரண்டு நிமிடத்தில் கண்ணாடி. ஆனால் சவரக் கத்தியின் எஃகைக் கடினமாக்கிய பிறகு 200 டிகிரி செல்சியஸ் அளவில்தான் பதம் இறக்கியிருப்பார்கள். வாய்ப்பக்கம் தாளைப்போல மெலிந்திருப்பதால் சக்கரத்தின் உராய்வில் நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டும். வைக்கோல் நிறம் தெரிந்தாலே எச்சரிக்கை; நீலம் பாய்ந்தால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது, அந்த இடத்தில் பதம் போயிற்று, இனி எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. சக்கரம் கத்தியைப் பிடுங்கி எறியும் அபாயம் வேறு. ஆகவே அலகை வீட்டிலேயே கையால் தேயுங்கள்.

அதற்கு வேண்டியது 600, 1000, 1500, 2000 எண்களில் வாட்டர் பேப்பர்; எண் கூடக்கூட நயம் கூடும். துரு அதிகமென்றால் 400இல் தொடங்கலாம். அதற்கும் கீழே போனால் அந்தக் கீறலை எடுக்கவே பாதி வேலை ஆகும். அலகை ஒரு மரக்கட்டையின் ஓரத்தில் படுக்கவைத்து, வாய் முழுவதும் கட்டையின் மேல் தாங்கும்படி வையுங்கள். தாங்கல் இல்லாத மெல்லிய வாய் விரல் அழுத்தத்தில் விரிசல் விடும். காகிதத்தை அலகின் குழிவுக்கு ஒத்த உருளைக் குச்சியில் சுற்றி, இயந்திர எண்ணெய் தொட்டு, முதுகிலிருந்து வாய் நோக்கி ஒரே திசையில் தேயுங்கள். முந்தைய காகிதத்தின் கீறல் முழுவதும் மறைந்த பிறகே அடுத்தது. கடைசியில் மெட்டல் பாலிஷ். பொன் பூச்சில் எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் பாலிஷ் துணியே போகக்கூடாது, ஒரே துடைப்பில் அழியும். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாம் பித்தளைப் பாத்திரத்துக்கு. கார்பன் எஃகை அமிலம் அரித்துச் சாம்பல் நிறமாக்கும்.

தீட்டுவதைப் பற்றிச் சுருக்கமாக. சைக்கிள் சக்கரச் சாணைக்காரரிடம் கொடுத்தால் கத்தி முடிந்தது; அது அரிவாள்மனைக்கான சாணை. சவரக் கத்தியில் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படுக்க வேண்டும். முதுகின் கனமே கோணத்தைத் தீர்மானிக்கிறது. மேலே சொன்ன அளவுகளுக்குச் சுமார் 18 டிகிரி வரும். முதுகு தேயாமலிருக்க எலக்ட்ரிக் டேப் ஒரு சுற்று ஒட்டலாம், கோணம் ஒரு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் கூடும். 1000 கல்லில் இருபுறமும் சரிவு வாயில் வந்து சேரும்வரை. மார்க்கர் பேனாவால் வாயோரம் மை பூசிவிட்டுத் தேய்த்துப் பார்த்தால் கல் எங்கே படவில்லை என்று மை காட்டிக்கொடுக்கும். இந்தக் கட்டத்தில் அவசரப்பட்டால் 12000 கல் வரை போனாலும் பயனில்லை. பிறகு 4000, 8000, முடிந்தால் 12000, கடைசியில் தோல் வாரில் முதுகு முன்னே போக 50 இழுப்பு. மரப்பிடி மாட்டும் முன்பே தீட்டுவதுதான் உத்தமம். புதுப் பிடியில் கல் சேறு ஏறாது. அப்படித் தீட்டினால் பட்டறைக்குக் கொடுக்கும்போது வாயின் மேல் டேப் ஒட்டி, கொட்டை எழுத்தில் எழுதியும் வையுங்கள். அங்கே வேலை செய்பவர்களின் விரல் முக்கியம்.

யார் பயன்படுத்திய கத்தியோ என்பதால், முதல் சவரத்துக்கு முன் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நன்றாகத் துடைத்துக் காயவிட வேண்டும். பிறகு ஒருவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும். தினசரிப் பராமரிப்பு: அலகைத் துடைத்து, திறந்தபடியே காயவிட்டு, பிறகே மடக்குங்கள். நான்கைந்து நாள் எடுக்கப்போவதில்லை என்றால் தையல் மெஷின் ஆயில் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் காறிப் பிசுபிசுக்கும். குளியலறையில் வைக்காதீர்கள். கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருந்தாலும் காற்றில் உப்பு வரத்தான் செய்யும்.

கூலி, மரத்தோடு சேர்த்து 1,800 ரூபாய், ஈட்டிக்குக் கூடுதல். கையால் செய்யும் வேலைக்கு நியாயமான தொகை. எண்ணெய்ப் பூச்சு கேட்டால் காயும் நாட்களையும் சேர்த்து மூன்று வாரம் சொல்கிறார்கள், அநேகமாக அந்தக் கெடுவுக்குள் கிடைக்கிறது. ரசீது தருவதில்லை. வாங்கும்போது கத்தியைத் திறந்து, உள்பக்கத்தில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் பூச்சு உள்ளே போகவில்லை, அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம், முணுமுணுக்காமல் செய்து தருகிறார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் கொடுக்காதீர்கள். எண்ணெய் காயாது, அந்த இரண்டு மாதமும் பட்டறையில் கத்திப்பிடி வேலை எடுப்பதும் இல்லை.